சகுந்தலா அக்கா கட்டாத பட்டு

உயிரோடு இருந்தவரை சகுந்தலா அக்காவுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துத் தராத வீடு, அவள் செத்த பிறகு அவள்மேல் பட்டைப் பூசியிருக்கிறது. பூசியிருக்கிறது என்றுதான் சொல்கிறேன். தூரிகையால், எண்ணெய் வண்ணத்தால், அவள் முகம் தெரியும் ஒரே புகைப்படத்தின்மேல்.

செய்தியை ஸ்டெல்லா கொண்டுவந்தாள். காஞ்சிபுரத்தில் அவளும் அவள் கணவரும் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார்கள். ஆற்காட்டில் நான் டைப் அடிக்கும் ஆபீஸ் வாசலில், சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றாள்.

"சகுந்தலா போய்ட்டா, கமலா. காமாலை. மருந்து அரைச்சுக் குடுத்துக்கினே இருந்தாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினப்போ கண்ணே தொறக்கல. எடுத்தும் ஆச்சு."

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்குது. அந்தப் படத்தை எங்க வூட்டுக்காரர்கிட்ட கொண்டாந்து குடுத்து, பட்டு கட்டின மாதிரி வரையச் சொல்லியிருக்காங்க. நான் மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரம். மனுஷன் வரைஞ்சும் குடுத்துட்டாரு."

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. அதை எடுத்தபோது அறையில் இருந்தவர்கள் நாங்கள் மூவர்தான்.

அக்காவைத் தெரியாதவர்கள் காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவில் இல்லை. மாமனார் தறியில் உட்கார, அவள் கூடத்தில் ராட்டை சுற்றினாள். கணவர் ஏகாம்பரம் தறிக்குழியில் கால் வைக்க மாட்டேன் என்று ராணுவத்துக்குப் போனவர். அந்த வீட்டின் பின்கட்டில் நான் அப்போது வாடகைக்கு இருந்தேன். காரியத்தன்று எல்லோரும் அவளை அதிர்ந்து பேசாதவள் என்றார்கள். பொய். மாமியார் வெளியே போயிருந்தால் நன்றாக அதிர்ந்து பேசுவாள்.

ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு அம்மாள் தறி பார்க்க வந்தார். கல்யாணத்துக்கு நெய்யச் சொன்ன குடும்பம். தறியைப் பார்த்துவிட்டு, "உனக்கென்னம்மா, வீடு நிறையப் பட்டுதான்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா ராட்டையை நிறுத்தவில்லை. "ஆமாம்மா, நெறைய இருக்குது. எல்லாம் உங்க வூட்டு பீரோல இருக்குது" என்றாள். அந்த அம்மாள் சிரித்தார். அவருக்குப் புரியவில்லை. பிறந்த வீட்டில் எடுத்துத் தந்த அக்காவின் கல்யாணப் பட்டுகூட நாத்தனார் கல்யாணத்துக்கு இரவல் போய், திரும்பி வராமலே போனது.

ஏகாம்பரம் ஒரு முறை ராணுவத்திலிருந்து குடும்பப் படம் கேட்டு எழுதியிருந்தார். எல்லோரும் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். நடுவில் மாமியார், பக்கத்தில் பூந்தொட்டி. ஓரத்தில் அக்கா, நாத்தனார் குழந்தை நழுவாமல் குனிந்து பிடித்தபடி. படத்தில் அவளுடைய வகிடு மட்டும்தான் விழுந்திருந்தது. இதில் நீ எங்கே என்று அவர் கேட்டிருந்தாராம். சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னவள், சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு ஒரு படம் வேணும்டி. அவர் மட்டும் பாக்கறதுக்கு. எங்க ரூம்ல, கட்டில்ல உக்காந்துக்கினு."

கருட சேவையன்று எடுப்பது என்று முடிவாயிற்று. அன்று எல்லோரும் சாமி பார்க்கப் போய், விடியற்காலையிலேயே வீடு காலியாகிவிடும். ஸ்டெல்லா கேமராவைக் காய்கறிப் பையில் போட்டு, மேலே முருங்கைக்காய் தெரிய எடுத்துவந்தாள். ஜன்னல் வெளிச்சம் கட்டிலின்மேல் விழுந்தது. எதைக் கட்டிக்கொள்வது என்பதுதான் பாக்கி.

ஸ்டெல்லா ஒரு நைட்டி கொண்டுவந்திருந்தாள். அக்கா அதைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தாள். "ஏம்மா, நான் அவரை வரச் சொல்றேனா, பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போறேனா?" அது போயிற்று. அடுத்தது என்னுடைய நைலக்ஸ் புடவை. இடுப்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. "இதை மடிச்சு வைடி. உனக்கு ஒருத்தன் வருவான், அவனுக்கு எடுத்து அனுப்பு."

அப்போதுதான் ஸ்டெல்லா தறிமேடையின்மேல் வெள்ளைத்துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்தாள். முந்தின நாள் தறியிலிருந்து அறுத்த புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை. திருவிழா முடிந்ததும், நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி வீட்டுக்குப் போக வேண்டியது. "பட்டுன்னா படத்துல தனியா ஜொலிக்கும்மா. ஒரே ஒரு படம். அதே மடிப்புல திரும்ப மடிச்சு வச்சிடலாம்."

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "கமலா, நீ கட்டிவிடு. நான் தொட மாட்டேன்" என்றாள். அந்தப் புடவையின் குறுக்கிழையான ஊடை நூல் முழுவதையும் சுற்றியது அவள்தான். ஆனால் ராட்டை சுற்றுகிறவர்களின் விரல் நுனி வெடித்திருக்கும். நெய்த பட்டில் பட்டால் இழையைப் பிடித்து இழுத்துவிடும். அதனால் அந்த வீட்டுப் பெண்கள் முடிந்த புடவையைப் புறங்கையால்தான் தள்ளுவார்கள், விரலால் தொட மாட்டார்கள்.

கட்டிவிட்டேன். அழகாகத்தான் இருந்தாள். ஆனால் இரண்டு கைகளும் உடம்பில் படாமல் விலகி நின்றன.

"கையைக் கீழ வைம்மா. போலீஸ்காரன் புடிச்ச மாதிரி நிக்கற" என்றாள் ஸ்டெல்லா.

"வைக்க வரலையே."

"மடியில வை."

மடியில் வைக்கப் போவாள். பட்டில் படும் முன்பே விரல்கள் மடங்கிக்கொள்ளும். கட்டிலில் உட்கார்ந்தால் கசங்கும் என்று உட்காரவும் இல்லை. மூன்று பேரும் சிரித்தோம். அக்காதான் முதலில் நிறுத்தினாள்.

"கழட்டுடி. இதைக் கட்டினா முதலாளி பொண்டாட்டிதான் தெரியறா. அவளைப் பாக்கவா அவர் படம் கேட்டாரு?"

நாங்கள் புடவையை மடித்து வைப்பதற்குள் அவள் மறைவில் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். ராட்டைக்கு உட்காரும்போது கட்டும் வெளுத்த நூல்புடவை. புழுக்கத்துக்கு வீட்டில் இருப்பது போலவே, ரவிக்கை இல்லை. கூந்தலை அவிழ்த்து விட்டிருந்தாள். "அவர் ரயிலேறின அன்னிக்கு இதான் கட்டிக்கினு இருந்தேன்." தோளில் ஒரு சிவப்புப் பட்டிழை ஒட்டியிருந்தது. ஸ்டெல்லா எடுக்கப் போனாள்.

"வுடு. அது இல்லன்னா அவருக்கு யாரோ மாதிரி இருக்கும்."

கட்டிலில் உட்கார்ந்தாள். கை தானாக முழங்காலின்மேல் விழுந்தது. கேமராவைப் பார்த்தாள். அது எனக்கான பார்வை இல்லை என்பதால் நான் திரும்பிக்கொண்டேன்.

படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்து, நெகட்டிவையும் ஸ்டெல்லா அவளிடமே கொடுத்துவிட்டாள். ஏகாம்பரம் அடுத்த விடுமுறையில் வந்தபோது வாங்கிக்கொண்டு போனார். "பெட்டி மூடிக்குள்ள ஒட்டி வச்சிருக்காராம்டி. மூடியைத் தொறந்தா நான்" என்றாள் அக்கா. அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன வேறொன்று எனக்கு நினைவில் இல்லை.

அவள் போனபின் மாமியார் அந்த நெகட்டிவைக் கண்டெடுத்து அடுப்பில் போட்டுவிட்டார். மிஞ்சியது ஏகாம்பரத்தின் பெட்டியில் இருந்த அக்காவின் படம் ஒன்றுதான். மாலை போட முகம் தெரியும் வேறு படம் இல்லை என்றதும், அவரே பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

காரியத்தன்று போனேன். கண்ணாடிக்குள் அரக்குப் பட்டு, பச்சைக் கரை, முழங்கை வரை ரவிக்கை, கழுத்து நிறைய நகை. கூந்தலுக்குக் கொண்டை. தோளில் இருந்த இழை இல்லை. கை மட்டும் அதே கை. பட்டின்மேல் ஐந்து விரலும் படிய வைத்திருந்தாள். பட்டு நெய்கிற வீட்டில் அந்தக் கையைப் பார்த்ததுமே இது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும். வந்தவர்கள் பூவைப் போட்டுக் கும்பிட்டு நகர்ந்தார்கள்.

"மகாலட்சுமி மாதிரி இருக்கா பாரும்மா" என்றார் மாமியார்.

"கடைசியில பட்டு எடுத்துக் குடுத்துட்டீங்க, அத்தை" என்றேன்.

ஏகாம்பரத்திடம் போனேன். "மாமா, இது யாரு?"

"ஊரு பாக்கற எடம்மா" என்றார். நிமிரவில்லை.

ஸ்டெல்லா எனக்கு ஒன்று சொல்லியிருந்தாள். எண்ணெய் வண்ணம் சீக்கிரம் காயாது. கண்ணாடிக்குள் இன்னும் தாமதமாகும். அதற்குள் டர்பன்டைனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால், அடியில் இருக்கும் படம் அப்படியே வந்துவிடும். காய்ந்துவிட்டால் வராது. இதை அவரிடம் சொன்னேன். பஞ்சும் புட்டியும் என் பையில்தான் இருந்தன. அவர் எழுந்து பந்தி பார்க்கப் போய்விட்டார்.

அந்தரங்கமாக எடுத்த படத்தைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதைச் சுவரில் மாட்டியவர்கள் மட்டும் கேட்க வேண்டாம்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியவை, சென்னை அம்மாளுக்கு அவள் சொன்ன அந்தப் பதிலும் ஒரு பழக்கமும். கடையில் பட்டை விரித்துப் போட்டால், டைப் அடித்து மழமழத்த விரல்கள் எனக்கு இருந்தும், புறங்கைதான் முன்னால் போகிறது.

மாமா, இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வரும். ஊர் பார்க்க அவளை மாட்ட வேண்டாம். துடைத்துப் பழையபடி பெட்டி மூடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வண்ணம் காய்ந்துகொண்டிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றுங்கள்.