பஸ்ஸுக்குப் போடும் ப

எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் பாடுகிறவர்களுக்குச் சொந்தக் குரல் கிடையாது. கச்சேரி பேச வருகிற யாரும், "உங்ககிட்ட யார் யார் வாய்ஸ் இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பாடுகிறவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கல்யாண வீட்டுக்காரர், கோயில் கமிட்டி, பிள்ளையார் சதுர்த்திக்குப் பந்தல் போடுகிறவர்கள், எல்லாருக்கும் அதே கேள்வி.

கன்னட ஊரில் தமிழர்கள் நிறைந்த பேட்டையான மர்பி டவுனில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் மைக்கைப் பிடித்து "அடுத்ததாக..." என்று இழுக்கிற வேலை. முப்பது வருஷத்துக்கு மேலாக என் சினேகிதனை மேடைக்குக் கூப்பிடுகிறேன். ஒரு தடவைகூட அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பழைய நடிகரின் பெயரைச் சொல்லி, பின்னால் "வாய்ஸ்" என்று ஒரு வாலைச் சேர்ப்பேன். கைதட்டல் அந்தப் பெயருக்கு விழும். இவன் வாலைப் பிடித்துக்கொண்டு மேடையேறுவான்.

மற்ற நாட்களில் இவன் பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கிறான். ரெக்ஸினை இழுத்துப் பிடிக்கும்போதும் அவருடைய பாட்டைத்தான் முனகுவான். இவன் மனைவி என்னிடம் ஒருமுறை சொன்னாள்: "எங்க வீட்ல மூணு பேருண்ணா. நானு, இவரு, அந்த ஆக்டரு. சோறு மட்டும் ரெண்டு பேருக்குதான் வடிக்கிறேன்."

அந்த நடிகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடகக் கம்பெனியில் இருந்து சினிமாவுக்கு வந்தவர். மற்ற கதாநாயகர்கள் இன்னொருத்தர் குரலுக்கு வாயசைத்த காலத்தில், தமிழிலும் கன்னடத்திலும் தன் பாட்டைத் தானே பாடினார். பெரிய சாரீரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூச்சு கேட்கும். மற்றவர்கள் ஒளித்து வைக்கிற மூச்சை அவர் பாட்டுக்குள்ளேயே விட்டுவைப்பார். மாடிப்படி ஏறிக்கொண்டே பாடுகிற காட்சி என்றால், அது படியேறின மனுஷனின் மூச்சாகவே இருக்கும். அல்சூர் மார்க்கெட்டில் எனக்குப் பூ கொடுக்கிற அம்மா இதை என்னைவிட நன்றாகச் சொன்னார்: "அவரு பாடி முடிச்சா நமக்குத் தண்ணி குடிக்கணும் போல இருக்கும் சாமி."

நடுவில் அவருக்குத் தொண்டையில் ஏதோ ஆபரேஷன் நடந்தது. அப்புறம் இரண்டு மூன்று படங்களில் வேறொருவர் பாடினார். இன்னொரு ஆளாக இருந்தால் வீட்டில் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர் ஒலிப்பதிவுக்குப் போய், பாடுகிற இளைஞரின் பக்கத்தில் நின்று, "இந்த இடத்துல நான் திரும்பி அவளைப் பாப்பேன், நீ கொஞ்சம் தணிச்சுக்கோ" என்று சொல்லிக் கொடுத்தாராம். பிறகு அப்பா வேஷம் வந்தது, ஜட்ஜ் வேஷம் வந்தது. "ஜட்ஜுக்கு எவன் குரு பாட்டு வெப்பான்?" என்று என் சினேகிதன் தலையில் அடித்துக்கொள்வான். எங்கள் ஊரில் சினேகிதனைக் கூப்பிடுவதே 'குரு' என்றுதான். ஆனால் ஒரு படத்தில், கேஸ் கட்டை மூடி நாடாவைக் கட்டும்போது அந்த ஜட்ஜ் வாய்க்குள் இரண்டு அடி முனகுவார். அவ்வளவுதான். தியேட்டரே எழுந்து நின்றது. இவன் சீட்டின் மேலேயே ஏறி நின்றான். நான் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பித்தான் போயிற்று.

அவர் எங்கள் பக்கம் வருகிறார் என்று தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. பாராட்டு விழா, அல்சூர் ஏரிக்குப் பக்கத்து மண்டபத்தில். வயதானவர், சாயங்காலம் ஆனால் களைத்துவிடுவார் என்று ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வைத்தார்கள். பாட்டுக் கச்சேரி நாங்கள். அவருடைய அந்தக் கன்னடப் பாட்டை இவன் பாட வேண்டும். மனைவியைப் பார்த்து, என் வாழ்க்கையில் நீ விளக்கேற்றினாய் என்று கதாநாயகன் சொல்கிற பாட்டு.

செய்தி கேட்ட அன்று இவன் என் கடைக்கு வந்து ஜெராக்ஸ் மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"குரு, முப்பது வருஷமா ஊரே அப்படியே அவர் மாதிரின்னு சொல்லுது. அவரு ஒரு வார்த்தை சொல்லணும். நல்லாருக்குன்னு சொல்லட்டும், இல்ல போடான்னு சொல்லட்டும். ஏதோ ஒண்ணு. அதோட நான் மைக்கை வெச்சிடறேன்."

"ஏன்டா வெக்கிறே?"

"வயசாச்சு இல்ல? அவர் வாயால கேட்டப்புறம் யார் வாயால கேக்கணும்?"

விழாவுக்கு முந்தின வாரம் ரிகர்சலை போனில் பதிவு செய்து வீட்டுக்குக் கொண்டுபோய் ஓடவிட்டேன். என் மருமகள் தும்கூர்க் கன்னடப் பெண். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு தமிழ் பழகிக்கொண்டவள். சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள்.

"மாவா, இவங்க ஏன் பாழு பாழுன்னு அழறாங்க?"

"அழலம்மா. அது சந்தோஷமான பாட்டு."

"வார்த்தை சந்தோஷமா இல்லியே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கன்னடத்தில் வாழ்க்கையை 'பாளு' என்பார்கள். ஆனால் அது பஸ்ஸுக்குப் போடும் ப. பல்லுக்குப் போடும் ப போட்டால் அதே சொல் பாழ் என்று ஆகிவிடும். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப. என் சினேகிதனுக்குக் கன்னடம் எழுதப் படிக்க வராது. குடியாத்தத்திலிருந்து வந்து, கடைவீதியிலேயே கற்றுக்கொண்ட கன்னடம். வாழ்க்கை என்று பாட்டில்தான் வருமே ஒழிய சீட் கவர் தைக்கிற இடத்தில் யார் சொல்லப்போகிறார்கள்? கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டு, அந்தப் பாட்டைத் தமிழ் எழுத்தில் அவன் நோட்டில் எழுதிக் கொடுத்தவன் நான். நான் பஸ் ப என்று நினைத்து எழுதினேன். அவன் பல் ப என்று படித்தான். முப்பது வருஷமாக, கல்யாணம் கல்யாணமாகப் போய், மாப்பிள்ளை பெண் எதிரில் நின்று, "என் பாழில் நீ விளக்கேற்றினாய்" என்று உருகியிருக்கிறான். நம் ஜனங்களுக்குக் காதில் ஏறவில்லை, எனக்கும்தான். கன்னடக்காரர்கள் பெரிய மனசோடு சிரித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள்.

சொல்வதா, வேண்டாமா? மூன்று தரம் அவன் கடைக்குப் போனேன். முதல் தடவை அவன் கண்ணை மூடி அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். இரண்டாம் தடவை புதுச் சட்டையைக் காட்டினான். மூன்றாம் தடவை அவன் மனைவி, "ராத்திரி தூக்கத்துல கூட அவருக்கு வணக்கம் சொல்றாருண்ணா" என்று சிரித்தாள். நாக்கில் ஊறிப்போன சொல்லை இப்போது திருத்தப் போனால் அவன் அந்த ஒரு இடத்தையே நினைத்துக்கொண்டு பாட்டு முழுவதையும் கோட்டை விட்டுவிடுவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எழுதினவன் நான் என்று ஒத்துக்கொள்ள பயம்.

ஞாயிறு வந்தது. அவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளைச் சட்டை. உடம்பு வற்றிப்போயிருந்தாலும் நடையில் இன்னும் நாடகமேடை இருந்தது. சபையைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்தார். இவனை மேடைக்குக் கூப்பிடும்போது நான் வழக்கம்போல அவர் பெயரைச் சொல்லி "வாய்ஸ்" என்று வாய்தவறிச் சொல்ல, அவர் தன் தொண்டையைத் தடவிக் காட்டி, "அது இங்கதான் இருக்கா, அங்க போயிடுச்சா?" என்றார். மண்டபம் சிரித்தது. 

பாடினான். அன்று போல அவன் என்றைக்கும் பாடியதில்லை. ஆனால் பல்லவியின் அந்தச் சொல் ஒவ்வொரு தடவை வரும்போதும் அவருடைய வலது புருவம் ஒரு நூல் மேலே போயிற்று. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். ஆறு தடவை.

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் மைக் கேட்டார்.

"தம்பி, யாரு வாழ்க்கை பாழாச்சு?"

"சார்?" என்றான் இவன்.

"நான் பாடினப்போ அவ வீட்டுக்குள்ள விளக்கு ஏத்தினா. நீ பாடினா இடிஞ்ச வீட்லல்ல போய் ஏத்தறா?"

சபை கொல்லென்று சிரித்தது. இவன் முகம் சாம்பலாகிவிட்டது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. என் கையில் இருந்த மைக்கிலேயே, "சார், தப்பு என்னுது. அவனுக்குத் தமிழ்ல எழுதிக் குடுத்தது நான்தான்" என்றேன்.

"தமிழ்லயா? நோட்டு இருக்கா? கொண்டா இங்க."

கீழே இறங்கிப்போய் நோட்டைக் கொடுத்தேன். இவனும் பின்னாலேயே வந்து நின்றான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். பிறகு என் பாக்கெட்டில் இருந்த பேனாவை அவரே எடுத்துக்கொண்டார்.

"எனக்கும் கன்னட எழுத்து வராதப்பா. நானும் தமிழ்லதான் எழுதி வெச்சுப் பாடினேன். முதல் டேக்ல நானும் இதே பாழுதான் பாடினேன். வயலின் வாசிக்கிற பெரியவர் வில்லைக் கீழ வெச்சுட்டு, 'ஸ்வாமி, ஹீரோயின் இன்னும் சாகல'ன்னாரு. அன்னிக்குக் கண்டுபிடிச்ச வித்தை இது, பாரு."

அந்த ப எழுத்துக்கு அடியில் சின்னதாக இரண்டு வட்டம் போட்டார். கை நடுங்கியதால் ஒரு வட்டம் கோணிக்கொண்டது.

"பஸ்ஸுக்குச் சக்கரம். சக்கரம் இருந்தா பஸ்ஸு, இல்லன்னா பல்லு. எங்க வீட்டு அலமாரில இருக்கிற நோட்டெல்லாம் சக்கரமாத்தான் இருக்கும். என் சம்சாரம் அதைப் பாத்துட்டு, பாட்டு நோட்டா டிப்போவான்னு கேப்பா. இப்பப் பாடு."

இவன் நின்ற இடத்திலேயே பாடினான். மேடை இல்லை, தாளம் இல்லை. சக்கரம் வைத்த சொல் சக்கரத்தோடு வந்தது. அவரும் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. ஆனால் எங்கெல்லாம் மூச்சு வாங்க வேண்டுமோ அங்கெல்லாம் மட்டும், எல்லோருக்கும் கேட்கும்படி மூச்சு வாங்கினார். இரண்டாம் அடியில் இவன் அவசரப்பட, அவர் இவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, மூச்சை இழுத்து, பிறகு விட்டார். இவனும் இழுத்து, விட்டான். ஆபரேஷனுக்குப் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த இளைஞர் பக்கத்தில் எப்படி நின்றிருப்பார் என்று நாங்கள் கேள்விப்பட்டிருந்தோமே, அதை அன்று கண்ணாலேயே பார்த்தேன்.

பாட்டு முடிந்தது. நல்லாருக்கு என்று அவர் சொல்லவில்லை. போடா என்றும் சொல்லவில்லை. சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், புறப்பட்டுப் போய்விட்டார். காரில் ஏறும்போது ஜன்னல் வழியாக விரலால் காற்றில் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினார்.

திரும்பும்போது ஆட்டோவில் நான்தான் ஆரம்பித்தேன்.

"உன் மானத்தை வாங்கிட்டேன்டா. போன வாரமே எனக்குத் தெரியும். மருமக சொன்னா."

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தியா? த்தூ, நீயெல்லாம் ஒரு சினேகிதன்!"

"நீ கேட்ட வார்த்தையும் கிடைக்காம போச்சு."

"யாரு சொன்னது கிடைக்கலன்னு?" என்று என் பக்கம் திரும்பினான். "முப்பது வருஷமா எல்லாரும் அப்படியே அவர் மாதிரி, அப்படியே அவர் மாதிரின்னாங்க குரு. அவங்க காதுல பூரா அவருதான் இருந்தாரு. தப்பாப் பாடறேன்னு ஒருத்தனாச்சும் சொன்னானா? அந்த மனுஷன் ஒருத்தர்தான் இன்னிக்கு என் குரலைக் கேட்டாரு."

நான் நோட்டைத் தொட்டுக் காட்டி, அந்தப் பக்கத்தைக் கொடு, லாமினேட் போட்டுத் தருகிறேன், சுவரில் மாட்டிக்கொள் என்றேன். என் கடையில் அதற்கும் மெஷின் இருக்கிறது.

"லாமினேட் பண்ணிட்டா மத்த பாட்டுக்கெல்லாம் எதுல சக்கரம் போடறது? நோட்டு முழுக்கக் கிடக்கு" என்று நோட்டை மடியில் விரித்தான். "உன் மருமகளுக்கு போன் போடு. இந்த ரெண்டாவது பாட்டு, முதல் வரி, பஸ்ஸா பல்லா, கேளு."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். இவன் அந்த வரியை பஸ் ப வைத்து ஒரு தடவை, பல் ப வைத்து ஒரு தடவை பாடிக் காட்டினான். ஆட்டோக்காரரும் கன்னடக்காரர்தான் போலிருக்கிறது; மருமகள் வாயைத் திறப்பதற்குள் அவர் முன்னாலிருந்தே, "பஸ்ஸு சார், பஸ்ஸு" என்றார்.