ஏழு உளிக்கோடுகள்

என் அக்கா புருஷனுக்கு எங்கள் தெருவில் 'உண்மைவிளம்பி' என்று பெயர். தச்சர். பெண் கேட்டு வந்த அன்றே, எங்கள் வீட்டு நாற்காலி ஆடுகிறது, செய்தவன் அரைகுறை என்றார். செய்தவர் என் அப்பா. அப்படியும் பெண்ணைக் கொடுத்தோம், எங்கள் நேரம்!

அவர் அறுக்கும் மரத்தின் மறுமுனையைப் பிடிப்பவன் நான். பழைய தானியக் கொட்டகை ஒன்றைப் பழுதுபார்த்து ராணுவ அருங்காட்சியகமாக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. போருக்குப் போகும் வழியில் படைவீரர்கள் ஏழு நாள் தங்கிய இடம் அது. அங்கே ஒரு தூணில் நெஞ்சு உயரத்தில் ஏழு கோடுகள் இருந்தன. அருங்காட்சியகக் குழுத் தலைவரான ஓய்வுபெற்ற ராணுவக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. 'வீரர்கள் எண்ணிய ஏழு நாட்கள்' என்று பலகை எழுதி, அன்றே ஸ்க்ரூ போட்டு மாட்டிவிட்டார்.

செய்தி கேட்டுத் தபால்காரம்மா வந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். அந்தப் படையோடு போன அவருடைய அப்பா திரும்பவே இல்லை. இறந்ததாகத் தகவலும் இல்லை. தினம் சாயங்காலம் வந்து, கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவிவிட்டுப் போவார். அப்பாவின் கை பட்டதென்று அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அத்தான் முதல் நாளே முகத்தைச் சுளித்தார். எந்தத் தூணுக்கு முட்டாக எந்தச் சாய்வுக்கட்டை என்று குழம்பாமலிருக்கத் தச்சர்கள் உளியால் போடும் எண் அது என்றார். அந்த அம்மா காதில் விழாமல் நான் அவர் வாயை அடைத்தேன். பரணில் கிடந்த குப்பையில் அந்தக் கட்டையே அகப்படும்வரை பேசாமல் இருந்தார். அதிலும் ஏழு கோடு. தூணில் செருகினால் கச்சிதமாக உட்கார்ந்தது. சனியன், அது என் கையில் அல்லவா முதலில் கிடைத்திருக்க வேண்டும்!

விறகோடு போட்டுவிடலாம் என்று கெஞ்சினேன். இருக்கிற ஒன்றையும் அந்த அம்மாவிடமிருந்து பிடுங்க வேண்டுமா என்று சண்டை போட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. தபால்காரம்மா வந்ததும் கட்டையைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

அந்த அம்மா தூணிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"அப்ப எங்கப்பா இங்க எதைத் தொட்டிருப்பாரு?"

கதவு, சுவர் என்று எதையாவது சொல்லித் தொலையட்டும் என்று அத்தானின் காலை மிதித்தேன்.

"தெரியலம்மா" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

தபால்காரம்மா அத்தானை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "கைதியா இருக்காரு, வந்துடுவாருன்னாங்க. வேற ஊர்ல வேற குடும்பத்தோட இருக்காருன்னாங்க. ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. தெரியலன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லப்பா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த அம்மா ஸ்க்ரூடிரைவரைக் கேட்டு வாங்கி, பலகையைத் தானே கழற்றத் தொடங்கினார். கடைசி ஸ்க்ரூ இறுகிக் கிடந்தது. அதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்.