எட்டாவது நட்டு

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் பட்டறையின் ஷட்டரைத் தூக்கியபோதே பாய்லருக்குக் கோபம் பாதி ஏறியிருந்தது. உள்ளே நின்ற பிக்கப் வண்டியின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயில் நெற்றி முட்டியதும் மீதியும் ஏறியது. குழாய் நுனியில் கட்டியிருந்த சிவப்புத் துணியைத் தள்ளிவிட்டு, வண்டிக்காரனின் அறிவைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார்.

பாய்லர் என்பது வண்டி ஸ்டாண்டு வைத்த பெயர். தொட்டாலும் சுடும், தொடாவிட்டாலும் கொதிக்கும் என்று வைத்தார்கள். வயது ஐம்பத்து நான்கு. பட்டறை தொடங்கி இருபத்தாறு வருடம். மனைவிதான் கூட்டாளி, ஸ்பேனர் பிடிப்பதில் அவருக்கு இளைத்தவள் அல்ல.

அதற்குமுன் ஒரு பஸ் டிப்போவில் ஒன்பது வருடம் இருந்தார். ஒரு நாள் பிரேக் பார்க்காத பஸ்ஸுக்கு மேற்பார்வையாளர் பதிவேட்டில் 'பார்த்தாயிற்று' என்று குறி போட்டார். இவர் பதிவேட்டைப் பிடுங்கி அந்தக் குறியை அடித்தார். அவர் இவர் பெயரையே வேலையிலிருந்து அடித்தார். அன்று முதல் தன் பட்டறையில் நீல அட்டை நோட்டு ஒன்று. வண்டி, தேதி, செய்த வேலை, எத்தனை நட்டு, முதல் இறுக்கம், இரண்டாவது இறுக்கம். இப்போது ஓடுவது பத்தொன்பதாவது நோட்டு.

இந்தப் பிக்கப் அவர் மனைவியின் தம்பியுடையது. குழாயும் தகரமும் ஏற்றிக் கடை கடையாகப் போடுகிறவன். பன்னிரண்டு நாளைக்கு முன், வியாழக்கிழமை, இன்ஜினின் புகையைச் சைலன்சருக்கு அனுப்பும் மேனிபோல்டில் பாய்லர், புகை கசியாமல் அடைக்கும் புது கேஸ்கெட் போட்டார். அடுத்த வாரமே ஆள் வந்து நின்றான்.

"மாமா, இன்ஜின்ல டக் டக்னு என்னமோ அடிக்குது."

பாய்லர் கேட்டார். சத்தமே இல்லை. இரண்டாம் முறை வந்தான். அப்போதும் இல்லை.

"முதல்ல உன் காதுக்கு ஆயில் மாத்துடா" என்று துரத்திவிட்டார்.

அவன் நேராக ஸ்டாண்டுக்குப் போய், மாமா கை வைத்த நாளிலிருந்துதான் இன்ஜின் அடிக்கிறது என்று ஊதிவிட்டான். சனிக்கிழமை ஒரு டிரைவர் பாதி வேலையில் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை இன்னொருவர். எதிர்ச்சாரியில் இருக்கும் பெரிய சர்வீஸ் சென்டரில் சத்தத்தைக் கேட்காமலே 'டேப்பெட் போயிடுச்சு, இன்ஜினைத் திறக்கணும்' என்றார்களாம். செவ்வாய் பத்து மணிக்கு வண்டியை அங்கே விடுவதாக மச்சினன் ஒப்புக்கொண்டும் விட்டான். அங்கே இன்ஜினைத் திறந்தால் ஸ்டாண்டில் ஒரே பேச்சுதான்: பாய்லர் கெடுத்ததை அவர்கள் சரிசெய்தார்கள். அதன்பின் ஷட்டரைத் தூக்கி என்ன, இறக்கி என்ன?

"திங்கட்கிழமை சாயங்காலமே வண்டியைக் கொண்டாந்து போட்டுட்டுப் போ. லோடோடயே கிடக்கட்டும். இன்ஜின் நல்லா ஆறணும். பத்து மணி வரைக்கும் அது என் வண்டி" என்று சொல்லியிருந்தார்.

ஆறே கால் மணிக்கு மனைவியும் மச்சினனும் வந்தார்கள். பாய்லர் சாவியைத் திருப்பினார்.

டக், டக், டக், டக்.

சந்தேகமே இல்லை. காய்ந்த சுவரில் யாரோ சின்ன சுத்தியலால் தட்டுவதுபோல் அடித்தது.

"இப்ப யார் காதுக்கு ஆயில் மாத்தணும் மாமா?"

"வாயை மூடு. கேட்டுட்டிருக்கேன்ல."

ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இன்ஜினின் மேல்மூடியில் ஓட்டினார். வால்வைத் தட்டும் டேப்பெட் அடித்தால் அங்கேதான் கேட்க வேண்டும். அங்கே சீராக இருந்தது. நான்கு சிலிண்டருக்கும் போகும் டீசல் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். முதல் மூன்றில் இன்ஜின் தள்ளாடியதே தவிர டக் டக் நிற்கவில்லை. நாலாவதைத் தளர்த்தி அந்தச் சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் அடங்கியது. இறுக்கினார், திரும்பி வந்தது. ரப்பர் குழாயை நாலாவது சிலிண்டரின் பக்கவாட்டில் கொண்டுபோனதும் முகத்தைச் சுளித்துக் காதை இழுத்துக்கொண்டார். உள்ளங்கையை அங்கே நீட்டினார். கசியும் சூடான புகை, அந்த டக் டக் தாளத்திலேயே, விட்டு விட்டுக் கையில் குத்தியது.

எட்டாம் நிமிடம் சத்தம் தேய்ந்து, பத்தாம் நிமிடம் காணாமல் போனது. மச்சினன் வீட்டிலிருந்து பட்டறைக்கு இருபத்தைந்து நிமிட ஓட்டம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ள, வண்டி ஒவ்வொரு முறையும் ஊமையாக வந்து சேர்ந்திருக்கிறது. அவன் சொன்னது பொய்யில்லை. அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

இன்ஜினை அணைத்தார். டார்ச் வெளிச்சத்தில் மேனிபோல்டின் கடைசி மூலையில் கரி படிந்த கோடு தெரிந்தது. மனைவி ஸ்பேனரை வைத்துப் பார்த்தாள். ஆறு நட்டு அசையவில்லை. ஏழாவது கால் சுற்று போனது. எட்டாவது, விரலுக்கே சுற்றியது.

"பார்த்தியாக்கா!" என்று குதித்தான் மச்சினன். "ஒழுங்கா இறுக்கல!"

"யாருடா இறுக்கல?" பாய்லர் நோட்டை எடுத்து அவன் மூக்குக்கு நேரே விரித்தார். "படி! முதல் இறுக்கம், வியாழன், அஞ்சு நாப்பது, என் கையால. அப்புறம் சூடேத்தி ஆற விட்டு மறுநாள் காலையில ரெண்டாவது இறுக்கம். அதுக்கும் குறி இருக்கு. ரெண்டு தடவை இறுக்கின நட்டு எப்படிடா கழலும்? நீ எந்தக் குழியில விட்டு எடுத்தே?"

மனைவி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "ரெண்டாவதை யாருங்க இறுக்கினது?"

"நீதான்! வெள்ளிக்கிழமை நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்ல?"

"நான் இறுக்கல. நான் வரும்போது வண்டியே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில நீங்க முடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"முடிக்காமலா ஸ்டியரிங் துணியை அவுத்துட்டு வண்டி வெளியே போயிருக்கும்?"

"அதைத்தான் நானும் நெனச்சேன்."

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். இரண்டாவது இறுக்கம் பாக்கியிருக்கும் வண்டியின் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். துணி இருந்தால் வண்டியை அசைக்கக் கூடாது. இறுக்கியவர்தான் அவிழ்ப்பார். துணி இல்லையென்றாலோ வண்டி வெளியே போயிருந்தாலோ வேலை முடிந்தது என்று பாய்லர் நோட்டில் குறி போடுவார். பழைய திரைச்சீலையில் வெட்டி, ஓரத்தை மஞ்சள் நூலால் மனைவி மடித்துத் தைத்த துணி.

மனைவியின் பார்வை மெல்ல வண்டியின் பின்பக்கம் போனது. குழாய் நுனியில் தொங்கிய சிவப்புத் துணியின் ஓரத்தில் மஞ்சள் நூல்.

"டேய் தம்பி, இது ஏதுடா?"

"அதுவா? வெள்ளிக்கிழமை அவசர லோடு. உங்க வீட்டு ஆணியில கிடந்த ஷட்டர் சாவியையும் வண்டிச் சாவியையும் எடுத்துட்டு வந்தேன். நீட்டிக்கிட்டிருக்கிற லோடுக்குக் கட்டற என் சிவப்புத் துணி கிழிஞ்சிருந்துது. பார்த்தா ஸ்டியரிங்லயே புதுசா ஒண்ணு. மாமா நமக்காகத்தான் கட்டி வெச்சிருக்காருன்னு..." அவன் குரல் இறங்கியது. "தேங்க்ஸ் சொல்லணும்னு கூட நெனச்சேன் மாமா."

பாய்லர் போட்ட சத்தத்தில் எதிர்ச்சாரி சர்வீஸ் சென்டர்க்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "உனக்குத் துணி தைச்சுக் கொடுக்கத்தான் நான் பட்டறை வெச்சிருக்கேனா? அறிவிருக்கா? கேட்க மாட்டே?"

"துணிக்கு என்ன அர்த்தம்னு நீங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்றாள் மனைவி. "ஒரு அட்டையில எழுதி மாட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?"

 பாய்லர் இன்னும் விரிந்திருந்த நோட்டைப் பார்த்தார். இரண்டாவது இறுக்கம் என்ற கட்டத்தில் அவர் கையால் போட்ட குறி, அழுத்தமாக, அழகாக இருந்தது. நட்டைத் தொடாமல் போட்ட குறி. எந்தக் காரியத்துக்காக டிப்போவில் அந்த மேற்பார்வையாளரை ஒன்பது பேர் முன்னால் திருடன் என்று கத்திவிட்டு வந்தாரோ, அதே காரியம். பேனாவை எடுத்து அந்தக் குறியை அடித்தார். தாள் கிழிந்தது.

கேஸ்கெட் கருகியிருந்தது. புதிது போட்டு முதல் இறுக்கம் முடிய ஒன்பது இருபது. "வண்டி நாளைக்குக் காலையிலதான் வெளியே போகும்" என்று சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குழாய்களை ஏற்ற வேறு வண்டி வேண்டுமென்று மச்சினன் ஸ்டாண்டுக்குப் போன் போட்டான்.

"ஸ்பீக்கர்ல போடு" என்றார் பாய்லர். "என்ன நடந்ததுன்னு சொல்லு."

"அண்ணே, அந்தச் சத்தம்... தப்பு என்னோடதுதான். மாமா மேல ஒண்ணும் இல்ல. ரெண்டு மூணு நட்டு—"

"ரெண்டு!" பாய்லர் போனைப் பிடுங்கினார். முகம் சிவந்து கிடந்தது. "ஏழாவதும் எட்டாவதும். துணியை அவுத்தது இவன். நட்டைப் பார்க்காம நோட்டுல குறி போட்டது நான். ரெண்டையும் எல்லார்கிட்டயும் சொல்லு. ஒண்ணை விட்டே, வந்து உதைப்பேன்."

 "சரி பாய்லர் அண்ணே, வண்டி அனுப்பறேன்" என்றது மறுமுனையில் ஒரு குரல்.

புதன்கிழமை காலை ஆறரைக்கு, ஆறிய இன்ஜினில் மனைவி ஒவ்வொரு நட்டாக இறுக்கி எண்ணைச் சொல்ல, பாய்லர் தானும் ஒருமுறை ஸ்பேனரை வைத்துப் பார்த்துவிட்டுக் குறி போட்டார். வண்டி கிளம்பியது. டக் டக் இல்லை.

"மாமா, அந்தத் துணியைக் கொடுத்தீங்கன்னா லோடுக்கு..."

"தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்."

வியாழக்கிழமை மத்தியானம், முந்தின சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போன டிரைவர் அதை மறுபடி ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்கும்போதே சிரித்தார். "என்ன அண்ணே, இப்பல்லாம் நட்டைப் பார்த்துட்டுத்தான் குறி போடறீங்களாமே?"

பாய்லருக்குக் கோபம் காதுவரை ஏறியது. பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் அறைந்தாற்போல் வைத்தார்.

"வேலை முடிஞ்சதும் நீயே இறுக்கிப் பாரு. அதுக்கப்புறம்தான் குறி. இப்ப பானெட்டைத் தூக்கு."