வாய் பிளந்து சுட்டவன்

முதல் நாள் அவன் சுட்ட இலக்குத் தாளை வாங்கிப் பார்த்தேன். கடையில் விற்கிற புதுத் தாள் மாதிரி இருந்தது. ஒரு ஓட்டை இல்லை. பக்கத்துப் பாயில் படுத்துச் சுட்ட பல் வைத்தியரின் தாளில்தான் அவருக்கே கணக்குத் தெரியாத ஓட்டைகள் கூடுதலாக இருந்தன. என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி, கையிலிருந்த துப்பாக்கியைக் காட்டி, "துவக்குப் பிழை, அத்தான்" என்றான். அந்தப் பரம்பரையே அப்படித்தான். கறி கருகினால் என் மனைவியும் சட்டியைத்தான் திட்டுவாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன். எங்கள் தீவில் விமானம் குண்டு போடத் தொடங்க முன்பே புத்தியாக வெளிக்கிட்டு, இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் படிக்கட்டுக் கழுவி, பணக்காரக் கிழவர்களைக் குளிப்பாட்டி, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை போட்டேன். நகரத்துக்குள்ளேயே சீசா என்கிற பகுதியில் சொந்த வீடு வாங்கினேன். எங்களுடைய ஆட்களில் கார் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். அதில் நான் ஒருவன். மச்சானோ படித்தவன். படித்ததனால்தான் யோசித்து யோசித்துக் கடைசி ஆளாக வந்து சேர்ந்தான். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்துப் பக்கம் இடம் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்க, இவன் என் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தான். பகலில், பணக்காரர் குடியிருக்கும் லிபெர்த்தா வீதியில், ஓய்வுபெற்ற ஒரு கர்னலைப் பார்த்துக்கொள்கிற வேலை.

அந்தக் கர்னல்தான் நகரத்துக்கு வெளியே, மலையடிவாரத்தில் இருந்த சுடுகளத்துக்குத் தலைவர். அங்கே காவல்காரன் வேலை காலியானது. சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் களத்தோடு இரண்டு அறை வீடு உண்டு. தனி வீடு காட்டாவிட்டால் குடும்பத்தைக் கூப்பிட விடமாட்டோம் என்று விசா கொடுக்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் மச்சானுக்குச் சொல்லியிருந்தார்கள். என் கூடத்துப் பாயை அவர்கள் வீடாக எடுக்கவில்லை. அதனால் அந்த இரண்டு அறைதான் அவனுக்கு எல்லாம். சுடுகளச் சங்கத்தாரோ, சுடத் தெரியாதவனைச் சுடுகளத்தில் குடியிருத்த மாட்டோம், எங்கள் முன்னால் சுட்டுக் கறுப்பு வட்டத்துக்குள் விழுத்தட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஆள் பார்க்கிற அழகு அது.

"சூட்டுக்குத் தப்பி வாற பிள்ளையளைக் கொண்டுபோய் வெடிக்களத்திலை குடிவைக்கப் போறியோ? உன்ரை மூளையை எங்கை அடகு வைச்சனி?" என்று கேட்டேன்.

"கிழமைக்கு ரெண்டு நாள்தானே சுடுறவை, அத்தான். ஊரிலை எண்டால் ஏழு நாளும்" என்றான்.

கர்னல் பழகுவதற்கு ஒரு துவக்கு எடுத்துக் கொடுத்தார். அவருடைய நாயின் கழுத்துப்பட்டி அதைவிட விலை கூட இருக்கும். பழையது, மலிவானது, ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டும். மற்றவர்கள் தோல் கையுறை, மஞ்சள் கண்ணாடி, பெட்டியில் பஞ்சு வைத்த துவக்கு என்று கலியாண மாப்பிள்ளைகள் மாதிரி வருவார்கள். வந்து, உயிரில்லாத கடதாசியைக் கொன்றுவிட்டுக் காப்பி குடிப்பார்கள். வெடிச் சத்தம் கேட்காமல் இருக்க நாங்கள் கடல் தாண்டி வந்தோம். இவர்கள் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் மலைப் பக்கம் பஸ் இல்லாததால் மச்சானை நான்தான் காரில் ஏற்றிப்போய், பின்னால் கிடந்த மர வாங்கில் இருந்து கடலை கொறித்தபடி இந்தக் கூத்தைப் பார்த்தேன்.

மூன்றாவது ஞாயிறும் துவக்கைக் குறை சொன்னான். கர்னல் பொறுமை கெட்டு, பட்டுச் சால்வையைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே படுத்து அதே துவக்கால் சுட்டார். ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒரு சில்லறைக் காசால் மூடலாம். மச்சானுடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாட்டுச் சொல்ல இருந்த ஒரே பொருளும் கையை விட்டுப் போய்விட்டது.

பிழையைக் கண்டுபிடித்தது நான். கர்னலும் பல் வைத்தியரும் அவனுடைய தோள், மூச்சு, விரல் எல்லாவற்றையும் திருத்திப் பார்த்துக் களைத்துவிட்டார்கள். நான் இருந்த வாங்கிலிருந்து பார்த்தால் அவனுடைய முகம் பக்கவாட்டில் தெரியும். விசையில் விரல் அமர்கிற அந்த நேரத்தில் ஐயாவின் வாய் ஆவென்று பிளக்கும். வாய் திறந்தால் கன்னம் துவக்குக் கட்டையை விட்டுக் கிளம்பும், கண் இடம் அரக்கும், குண்டு பல் வைத்தியர் வீட்டுக்குப் போகும்.

"டேய், வாயை மூடடா! ஈ பூந்து குடும்பம் நடத்தப் போகுது!"

அவனுக்கே அது தெரியாது. துவக்கைக் கீழே வைத்துவிட்டு, "பங்கர்ப் பழக்கம், அத்தான். குண்டு விழேக்கை குழிக்குள்ளை குப்புறக் கிடந்து வாயைத் திறந்து வைச்சால்தான் காதுச் சவ்வு வெடிக்காது. பிள்ளையளுக்குப் பல்லிடுக்கிலை தடி குடுப்பம்" என்றான்.

"இஞ்சை உனக்கு ஆரடா குண்டு போடுறது? நீதானே சுடுறாய்!" என்றேன். பங்கர் எல்லாம் நான் வந்த பிறகு வந்த சங்கதி. எனக்கு அந்தப் பழக்கங்கள் இல்லை.

வாயை மூடு என்றால் மூடுகிற வாயா அது? வெடிக்கு முன்னால் தானாகத் திறந்துகொள்ளும். கடைசியில் என் கடையிலிருந்து ஒரு கறுவாப்பட்டையை எடுத்துக் கொடுத்தேன். முதலிலேயே கடித்துக்கொண்டு படுத்தால் வாய் அதற்கு மேல் திறக்கத் தேவையில்லை. கன்னமும் வைத்த இடத்தில் கிடக்கும். துவக்கைக் களத்துக்கு வெளியே கொண்டுவர விடமாட்டார்கள். ஆகவே சீசாவில், என் கூடத்தில், நிலம் துடைக்கிற தடியை நீட்டிப் பிடித்து, நுனியில் ஒரு காசை வைத்து, அது விழாமல் ஆள்காட்டி விரலை மெல்ல மெல்ல மடக்கிப் பழகினான். கல்யாணம் கட்டின ஆம்பிளை, வாயில் கறுவா, கையில் துடைப்பத் தடி. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினாள். என் மனைவி குசினியிலிருந்து, "உங்கடை வாய்க்கும் ஒரு பட்டை வைச்சால் இந்த வீடு உருப்படும்" என்றாள்.

பிறகு வந்த கிழமைகளில் ஓட்டைகள் தாளுக்குள் வந்தன. பின்னர் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நடுவுக்கு வந்தன. "சமைக்கிறாயா, சுடுகிறாயா?" என்று பல் வைத்தியர் பகிடி பண்ணினார். சங்கத்தார் வரிசையாக நின்று பார்த்த அன்று, என் மச்சான் எல்லாவற்றையும் கறுப்புக்குள் விழுத்தினான். பாஸ் பண்ணியது என் கறுவா என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

குடும்பம் வந்து சேர்ந்த முதல் சனிக்கிழமை, புட்டும் மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு போனேன். மச்சான் களத்தில் கழுத்தில் விசிலோடு நின்றான். அவன் விசில் ஊதிச் சிவப்புக் கொடியை ஏற்றினால், அது இறங்கும் வரை ஒருவரும் துவக்கைத் தொடக்கூடாது. கர்னல் தானே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி அது. பிள்ளைகள் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைக்கவும் வெடி தொடங்கியது. பெரியவள் சின்னவளின் கையைப் பிடித்தாள். இருவரும் சத்தம் போடாமல், பழகின வேலை மாதிரி, மேசைக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். தாய்க்காரி அடுப்பை அணைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள்.

களத்திலிருந்து வந்த மச்சான் வாசலில் நின்றான். குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தான். திரும்பிப் போனான். விசில் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

வெடி நின்று, பிள்ளைகள் மேலே ஏறி மறுபடி கோப்பையை இழுக்க, நான் வெளியே போய்ப் பார்த்தேன். கொடி ஏறியிருந்தது. கர்னல் சிவந்துபோய், என்ன நடந்தது, யாருக்காவது காயமா என்று கத்தினார்.

"பிள்ளையள் சாப்பிடுகினம். சாப்பிட்டு முடியட்டும்" என்று மச்சான் தன் உடைந்த இத்தாலியனில் சொன்னான்.

அவனை வீரன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கொடிக் கயிற்றை விடவில்லை. வைத்தியரும் வக்கீலும் கர்னலும், அத்தனை விலைத் துவக்குகளும், காயப்போட்ட கருவாடு மாதிரி வெயிலில் வரிசையாகக் கிடந்தார்கள். கர்னலுக்குத் தான் எழுதிய விதியைத் தானே கிழிக்க மானம் விடவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆளும் கிடைக்காது என்பதால் வேலையும் போகவில்லை. அடுத்த கிழமையிலிருந்து, சனி, ஞாயிறு வெடிக்குத் தப்ப, வெள்ளி பின்னேரம் நானே பிள்ளைகளையும் தாயையும் காரில் ஏற்றி சீசாவுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

பெரியவள் இப்போது தாதி. அண்மையில் வீட்டுக்கு வந்தவளிடம், என் கறுவாவின் பெருமையைச் சொல்லிவிட்டு, "அண்டைக்கு அந்தப் பெரிய மனிசரை எவ்வளவு நேரம் வெயிலிலை போட்டுவிட்டியள், தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஓம் மாமா, தெரியும்" என்றாள். "நான் வேணுமெண்டுதான் மெதுவாச் சாப்பிட்டனான்."