இரண்டு சைஸ் பெரிய கிடார்

எங்கள் வீட்டில் எனக்கு அளவாக எதையும் வாங்கியதே இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது என் யூனிஃபார்மைப் பார்க்கிற புது டீச்சர்கள், அக்காவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு அக்காவே கிடையாது. ஷூவின் முனையில் பஞ்சு, பாவாடை இடுப்பில் ஊக்கு, சட்டைக் கையில் மூன்று மடிப்பு. ஏன் என்று கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான்: வளர்ற புள்ள. அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பாடுபட்டு வளர்ந்து அந்தச் சட்டைக்குள் சரியாக வந்து சேரும்போது அது வெளுத்துப் போயிருக்கும். உடனே அடுத்த பெரிய சட்டை வந்துவிடும்.

சட்டையோடு நிறுத்தியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பத்து வயதாகும்போது கிடாரையும் அப்படித்தான் வாங்கினார்கள்.

அதற்கு முன்பு என்னிடம் ஒரு யுகுலேலே இருந்தது. காசிமேட்டில் எங்கள் பங்குக் கோயிலில் மாலை ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, கல்யாணமாகி வெளியூர் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. பார்ப்பதற்குக் கிடார் மாதிரியே இருக்கும், ஆனால் கைக்குழந்தையைப்போல் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். நாலே நாலு நைலான் நரம்பு. ஒரு விரலை வைத்தால் ஒரு கார்டு, அதாவது பாட்டுக்குச் சேர்ந்து ஒலிக்கிற ஒரு சுரக்கூட்டு, வந்துவிடும். என் சிறுவயதில் எனக்கு அளவாக அமைந்த ஒரே பொருள் அதுதான். அது வீட்டில் வாங்காத பொருள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த வருடம் மே மாதக் கடைசியில் என் தம்பிக்குப் புதுநன்மை. வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுவர்த்தியுமாகப் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்குகிற பூசை அது. பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்த கீபோர்டு அண்ணன் ஒருநாள் நான் யுகுலேலே வாசிப்பதைக் கேட்டுவிட்டு, அந்தப் பூசைக்கு என்னையும் பெஞ்சில் உட்காரவைப்பதாகச் சொன்னார். பாடகர் குழுவின் பெஞ்சு என்பது சாதாரண விஷயமில்லை. என் வயதுப் பிள்ளைகளெல்லாம் கீழே பாயில் உட்கார்ந்து கை தட்டுவார்கள், அவ்வளவுதான். ஆனால் யுகுலேலேயின் சத்தம் கோயில் ஃபேன்களைத் தாண்டாது, ஒரு சின்னக் கிடார் வேண்டும் என்றார் அண்ணன். முக்கால் சைஸ், நைலான் நரம்பு என்று என்னை மனப்பாடம் செய்யவைத்தார். வீடு வரைக்கும் அதை ஜெபம்போல் சொல்லிக்கொண்டே போனேன்.

அம்மா உடனே சரி என்றாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தடைக்காலம் என்பதால் மாமா கரையில் இருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, விசைப்படகில் டிரைவர். மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் படகுகளை நிறுத்திவைக்கும் அந்தக் கோடை மாதங்களில், கடலில் காட்ட முடியாத உழைப்பையெல்லாம் மாமா எங்கள் வீட்டின்மேல் காட்டுவார். மிக்சியைக் கழற்றுவார். ஃபேனுக்கு எண்ணெய் விடுவார். நன்றாக ஓடுகிற எதையும் சும்மா விடமாட்டார். கிடார் வாங்கப் போகிறோம் என்றதும் முதல் ஆளாகச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றது அவர்தான். அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். துறைமுக வாசல் வரிசையில் இரண்டு நாள் லாரியிலேயே கிடந்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார், அவரை யாரும் எழுப்பவில்லை.

மவுண்ட் ரோட்டுக் கடைக்காரர் நல்ல மனிதர். நான் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதற்கு முன்பே ஒரு முக்கால் சைஸ் கிடாரை எடுத்து என் மடியில் வைத்துவிட்டார். என் கை அதன் கழுத்தைச் சுற்றி முழுசாக வந்தது. நரம்பு விரலுக்கு மெத்தென்றிருந்தது. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா, இது பாப்பாவுக்கு எத்தனை வயது வரைக்கும் ஆகும் என்று கேட்டாள். அவர் உண்மையைச் சொன்னார், பன்னிரண்டு பதின்மூன்று வயது வரைக்கும் என்று.

"அப்பால?" என்றாள் அம்மா.

"அப்புறம் பெரிய சைஸ் வாங்கிக்கணும்மா."

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா அம்மாவைப் பார்த்தார். துணிக்கடைகளில் நான் எத்தனையோ முறை பார்த்த பார்வைதான். சுவரில் தொங்கியதிலேயே பெரிய கிடாரை இறக்கச் சொல்லி, என்னைத் திருப்பி நிறுத்தி, என் முதுகில் வைத்துத் தோளிலிருந்து அளந்தாள் அம்மா. முட்டிக்குக் கீழே வந்தது. அவள் முகத்தில் அப்படியொரு திருப்தி. கடைக்காரர் இது எஃகுக் கம்பி, குழந்தை விரலுக்கு வலிக்கும் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். கம்பி என்றதும் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. படகில் கயிற்றையும் கம்பியையும் கட்டி மேய்க்கிறவராயிற்றே.

"நைலானுலாம் வெயில்ல இத்துப்பூடும் சார். கம்பினா கம்பிதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நான் அழ ஆரம்பித்தேன். சின்னதுதான் வேண்டும் என்றேன். வளர்ற புள்ள என்றாள் அம்மா, என்னிடம் இல்லை, கடைக்காரரிடம். பிறகு கட்டைப்பைக்குள் கையை விட்டு என் யுகுலேலேயை வெளியே எடுத்தாள். அதை எதற்குக் கொண்டுவரச் சொன்னாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பழைய அலுமினியப் பாத்திரத்தைப் போட்டுப் புதுசு எடுப்பதுபோல், இத்தை எடுத்துகினு கொறைச்சிக் குடுங்க என்றாள். பழசை எடுப்பதில்லை என்றார் அவர். அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். பெரியது வந்தபிறகு சின்னது எதற்கு என்று என்னிடமும், இதைப்போல் கெட்டிக்காரியின் கை பட்ட பொருள் உங்களுக்குக் கிடைக்காது என்று அவரிடமும் மாறிமாறிச் சொன்னாள். கடைசியில் அந்த மனிதர் அலுத்துப்போய் யுகுலேலேயை வாங்கிக்கொண்டு, கிடாருக்கு ஒரு உறையும் தோள்பட்டையும் சும்மா கொடுத்தார். எனக்குக் கடையையே கொளுத்தலாம்போல் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் கிடாருக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். குழந்தை விளையாட்டுச் சாமானுக்கு இன்னாத்துக்கு டிக்கெட்டு என்று மாமா ராயபுரம் பாலம் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த விளையாட்டுச் சாமானைத் தாண்டி எதிர் சீட்டு தெரியவில்லை.

பூசைக்கு ஒரு மாதம் இருந்தது. கிடாரை மடியில் வைத்தால் அதன் மேல்விளிம்பு என் தாடையில் இடித்தது. வலது கையை அதன் வயிற்றுக்கு மேலாகத் தூக்கிப் போட்டால் கம்பிகள் விரல்நுனிக்குத்தான் எட்டின. இடது கையோ எட்டவே எட்டாமல் நீண்டுகொண்டு போனது. யுகுலேலேயில் ஒரு விரலில் வந்த கார்டுக்கு இங்கே மூன்று விரல். அந்த மூன்றையும் அழுத்தி எடுத்தால் விரல்நுனியில் கம்பி பதிந்து கோடு கோடாகச் சிவந்திருக்கும். சாப்பிடும்போது ரசம் பட்டால் எரியும். அம்மாவிடம் காட்டினால் ஊதிவிடுவாள், தேங்காய் எண்ணெய் தடவுவாள், வளந்தா சரியாப்பூடும் என்பாள். ஒரு மாதத்துக்குள் எவ்வளவு வளர முடியும் என்று நான் கேட்டால் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவுவாள்.

இருந்தாலும் விடவில்லை. அந்தப் பெஞ்சு எனக்கு வேண்டும். கீபோர்டு அண்ணன் கிடாரைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார், ஆனால் நற்கருணைப் பாட்டுக்கு மூன்றே கார்டுகள் போதும் என்று பிரித்துக் கொடுத்தார். தினமும் மாலையில் போய் உட்கார்ந்தேன். கடைசி வாரத்தில் மூன்றும் பிடிபட்டுவிட்டன. விரல்நுனி தடித்து மரத்துப்போயிருந்தது. கம்பி கணீரென்று ஒலித்தது. ஒத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை என்றாலும், யுகுலேலேயில் அந்தச் சத்தம் வந்ததே இல்லை. பூசையில் நிச்சயம் வாசிக்கலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

எங்கள் தெரு கடலுக்குப் பக்கம். ஜன்னல் கம்பி, பீரோ, சைக்கிள் என்று எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்னும். கிடார் கம்பியை மட்டும் விட்டுவைக்குமா? பூசைக்கு முந்தின நாள் சாயந்தரம் கம்பியில் இரண்டு துருப்புள்ளிகள் மாமாவின் கண்ணில் பட்டிருக்கின்றன. நான் கிடாரை வீட்டில் வைத்துவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு புதுநன்மைப் பிள்ளைகளின் ஒத்திகைக்குப் போயிருந்தேன். படகில் வலை இழுக்கிற கம்பிக்குத் துரு ஏறினால் என்ன செய்வார்களோ அதையே மாமா கிடாருக்கும் செய்தார். ஆறு கம்பிக்கும் அடியிலிருந்து நுனிவரை கிரீஸ் பூசினார். ஒரு இடம் விடாமல், மனசார. பிறகு உறைக்குள் போட்டு ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டார்.

மறுநாள் காலை பெஞ்சில் உட்கார்ந்து உறையைத் திறந்தபோது பூசை ஆரம்பித்துவிட்டது. கம்பிகள் கறுப்பாக மினுமினுத்தன. என்னவென்று தெரியாமல் தொட்டேன். நற்கருணைப் பாட்டு வந்தது, விரல்களை வைத்தேன், வழுக்கிக்கொண்டு போயின. தட்டினால் கணீர் இல்லை, தொப் தொப் என்று தலையணையை அடிக்கிற சத்தம். கீபோர்டு அண்ணன் திரும்பிப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. வாசிக்காதே, சும்மா கையை மட்டும் ஆட்டு என்று காதோடு சொன்னார். பாட்டு முடியும் வரை நான் கையை ஆட்டினேன். கீழே பாயில் உட்கார்ந்திருந்தால் கையையாவது தட்டியிருக்கலாம். ஆண்கள் பக்கம் மாமா எழுந்து நின்று, பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் கைகாட்டிப் பூரித்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கன்னத்தைப் பிடித்தாள். அத்தனை சத்தத்திலும் உன் கிடார் தனியாகக் கேட்டது என்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவும் ஆமாம் என்றார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அம்மா என் வெள்ளைக் கவுனைப் பார்த்தாள். இரண்டு சைஸ் பெரிய அந்தக் கவுன் முழுக்கக் கறுப்பாக ஐந்து விரல்கள்.

வீட்டுக்கு வந்து, பிரியாணி சாப்பிட்டு, சொந்தக்காரர்களெல்லாம் கிளம்பும் வரை அடக்கிவைத்திருந்தேன். பொழுது சாயும்போது மாமா மொட்டை மாடியில் மண்ணெண்ணெய்த் துணியால் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே போய் மொத்தத்தையும் கொட்டினேன். கிரீஸுக்காக மட்டுமில்லை. அளவாக ஒரு பொருள் வாங்கத் தெரியாத வீடு என்றேன். முக்கால் சைஸ் வாங்கியிருந்தால் துருவும் இல்லை கிரீஸும் இல்லை என்றேன். நான் வளரவே போவதில்லை, இப்படியேதான் இருப்பேன், என்ன செய்கிறீர்கள் பார்க்கலாம் என்றும் சொன்னேன்.

மாமா கிரீஸுக்கு மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கம்பியைத் துடைத்தபடியே வேறு எதையோ பேசினார்.

"உங்கம்மா ஏழாவது படிச்சிகினு இருந்தா பாப்பா. ஒரே வர்சத்துல நெடுநெடுனு வளந்துட்டா. யூனிபாரம் முட்டிக்கு மேல ஏறிப்போச்சி. ஸ்கூல்ல வெளிய நிக்க வச்சாங்கோ. வேற தைக்க வூட்ல வயி இல்ல. நின்னு நின்னு பாத்துட்டு அப்பால போவல, இறால் உரிக்கப் பூட்டா. நல்லாப் படிக்கும் அக்கா."

அதற்கும் கிடாருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. பெரியவர்களே இப்படித்தான், மாட்டிக்கொண்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். கீழே இறங்கி வந்தேன். குழாயடியில் அம்மா என் கவுனில் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறை போவதாக இல்லை. நான் அவளுக்கு எதிரே நின்று, உன் யூனிஃபார்மை முதலிலேயே பெரியதாகத் தைத்திருக்கலாமே, அம்மா என்று கேட்டேன். மடக்கிவிட்டேன் என்றுதான் நினைப்பு.

அம்மாவின் கை நின்றது. எந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை.

"யாருக்கும் தோணல கண்ணு. நா அம்மாம் வளருவேன்னு யாரும் நெனைக்கல" என்றாள். பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

இவ்வளவு சுலபமான ஒரு விஷயம் அந்தக் காலத்தில் ஒருத்தருக்குக்கூடவா தோன்றாமல் போகும், என்ன ஆட்களோ என்று அலுத்துக்கொண்டு நான் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.