அடுத்த வீட்டு உரல்

கல்யாணமாகி அனுமந்தன்பட்டியில் வாடகை வீட்டுக்கு வந்த புதிதில், சந்தையில் மூன்று பெட்டைக் கோழிகளும் ஒரு சேவலும் வாங்கினேன். கொண்டை சிவப்பாக இருக்கிறதா, இறகுக்குள் பேன் இருக்கிறதா என்று நானே பார்த்துப் பொறுக்கினேன்.

"மூணு நாளைக்குக் கூடைக்குள்ள மூடி வையி ஆத்தா. தொறந்து விடுறப்ப உரலைச் சுத்திக் காட்டு. அப்பத்தான் வீடு பழகும்" என்றாள் விற்றவள்.

கூடைக்குள் கோழிகள் சும்மா கிடந்தன. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. உலை கொதிக்கும்போதே ஓடிவந்து கூடையைத் தூக்கிப் பார்ப்பேன். மறுநாள் மதியத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை. எங்களுக்கென்று உரல் கிடையாது. மாவாட்ட அடுத்த வீட்டுக்குத்தான் போவேன். உரல் எதுவானால் என்ன என்று, கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் அவர்கள் உரலைச் சுற்றிக் காட்டி, எங்கள் வாசலில் விட்டேன்.

பொழுது சாய்ந்தும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. கையில் கம்புத் தானியத்தை அள்ளிக்கொண்டு தெருத்தெருவாகக் கூப்பிட்டு அலைந்தேன். தொண்டை கட்டிவிட்டது.

கடைசியில் அடுத்த வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ஏத்தா, ஒங்க வீட்டு ஆளுக எல்லாம் இங்கன வந்துட்டாக!"

உரலை ஒட்டி நான்கும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. தூக்கி வந்து மூடினேன். திறந்துவிட்டால் மறுபடியும் அங்கேயே போயின. முதல் முட்டையும் அங்கேதான்.

அடுத்த சந்தையில் கோழிக்காரி கேட்டாள்: "வீடு பழகிருச்சா?"

"நல்லாப் பழகிருச்சு" என்றேன். எந்த வீடு என்று சொல்லவில்லை. உரல் எங்கே விற்பார்கள் என்று மட்டும் கேட்டேன்.