வியாழக்கிழமைக் காட்டெருமை

முப்பத்து மூன்று வருடம் லிஃப்ட் சோதிப்பதுதான் என் வேலை. தி.நகர் துணிக்கடை, மயிலாப்பூர் கல்யாண மண்டபம், அடையாறு அடுக்குமாடி என்று ஒரு டார்ச்சையும் ஒரு படிவத்தையும் எடுத்துக்கொண்டு போவேன். படிவத்தில் எழுத வேண்டியது ஒன்று ‘திருப்தி’, இல்லாவிட்டால் ‘திருப்தி இல்லை’. கீழே ‘இதர குறிப்புகள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். மனசு வந்தால் அதில் ‘எண்ணெய் இடவும்’ என்று எழுதுவேன். நான் எழுதியதெல்லாம் அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் மந்தைவெளி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன ஊருக்குக் குடிபோனோம். யோசனை என் மனைவியுடையது. அவள் அடையாறில் கணக்கு டீச்சராக இருந்தவள், பிறந்து வளர்ந்தது ஆதம்பாக்கம். அறுபது வருடம் வியர்த்தாயிற்று, மிச்ச நாளைப் போர்வைக்குள் இருந்து பார்க்கிறேன் என்றாள். மறுப்பதற்கு எனக்கு உருப்படியான காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அங்கே நல்ல காய்கறி கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். நீங்கள் இத்தனை நாள் சாப்பிட்ட கேரட்டே அங்கிருந்து வந்ததுதான் என்று சொல்லிவிட்டு அட்டைப்பெட்டி கட்டப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் செல்போன் எடுக்காது. தெருமுனை வளைவில் ஒரு டீக்கடை இருக்கிறது, அங்கே போய் வடக்கே பார்த்து நின்றால் சிக்னல் இரண்டு கோடு வரும். ஒருநாள் அங்கே நின்று என் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் மயிலாப்பூர்வாசி, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பாதிப் பேச்சில் லைன் மூன்று முறை அறுந்துபோனதும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. பேசாமல் லெட்டர் போடு என்றாள்.

போட்டேன். ஒன்று, குளிர் உள்ளது. இரண்டு, தண்ணீர் வரத்து திருப்தி. மூன்று, அண்ணி நலம். நான்கு, கதவில் இடுக்கு உள்ளது, சரிசெய்யப்படும்.

ஒரு வாரம் கழித்து வளைவில் நின்றபோது அவள் கூப்பிட்டாள். “அண்ணா, இது லெட்டரா, மளிகை லிஸ்டா? அங்க என்ன நடக்குதோ அத எழுது” என்றாள்.

என்ன நடக்கிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டு அம்மாவின் கேரட் தோட்டத்து ஓரத்தில் ஒரு காட்டெருமை வந்து நின்றது. முழங்கால் வரைக்கும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி கால். பத்து நிமிடம் மேய்ந்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. இதை எழுத உட்கார்ந்தால் நான்கு வரிக்கு மேல் தேறவில்லை. ஐந்தாவது வரியில் அது எங்கள் கேட் வரைக்கும் வந்தது என்று எழுதினேன். வந்த எருமையை உடனே திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. கேட்டில் முதுகைச் சொறிந்துகொள்ள விட்டேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது காபி ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது. வேலையில் இருந்த காலத்தில் எனக்கு அப்படி ஒருநாளும் ஆனதில்லை.

தங்கைக்குக் கடிதம் பிடித்துவிட்டது. லஸ் பக்கத்துப் பூங்காவில் அவளோடு காலையில் நடக்கிற ஏழு பேருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறாள். எருமை திரும்ப வந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்களாம். வரவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வந்தது என்று எழுதினேன். வெள்ளிக்கிழமைதான் நான் தபால் போடுவேன் என்பதால் எருமை வியாழக்கிழமை தோறும் வந்தது. செம்பருத்தியைத் தின்றது. ஒருமுறை என் மனைவி, ஒன்பதாம் வகுப்பை அதட்டுகிற குரலில் அதை அதட்டினாள். அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனது. இவை எதுவும் அவளுக்குத் தெரியாது. தங்கைக்கு என் பிரஷர் நிலவரத்தை எழுதுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மே மாதத்தில் ஒருநாள் வளைவில் போன் வந்தது. எட்டுப் பேரும் வேன் பிடித்துப் புதன்கிழமை வருகிறார்கள், வியாழன் காலை எருமையைப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்கள் என்றாள் தங்கை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. மலை பார்க்க வருகிறார்கள் என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன்.

வியாழன் காலை ஆறு மணிக்கே எங்கள் வாசலில் எட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாயிற்று. எட்டுப் பேரும் மஃப்ளர், குரங்குக் குல்லாய், ஓட்டல் போர்வை சகிதம் கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். மெதுவாகப் பேசுங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஏழு மணி ஆனது. எட்டும் ஆனது. பக்கத்து வீட்டு அம்மா கேரட்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்தவர், இத்தனை பேர் தன்னைப் பார்ப்பதைக் கண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கூட்டத்தில் வடபழனி டெப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தார். அவர்தான் முதலில் என் பக்கம் திரும்பினார். “இன்னா சார், இன்னிக்கி அதுக்கு லீவா?” என்றார்.

டீ எடுத்து வந்த என் மனைவி எதற்கு லீவு என்று கேட்டாள். வாரா வாரம் வருமே, நீங்கள்கூட ஒருமுறை அதட்டி அனுப்பினீர்களே, அந்த எருமைக்குத்தான் என்றாள் தங்கை. மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கணக்கில் தப்பு விட்ட பையனைப் பார்க்கிற பார்வை.

சொல்லிவிட்டேன். வந்தது ஒரே ஒருமுறை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, கேட் பக்கமே வரவில்லை என்றேன். காது கொதித்தது. பிறகு கண்டக்டர் டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு, எருமை கேட்டைத் திறந்து மூடிவிட்டுப் போன கடிதத்திலேயே தனக்கு லேசாகச் சந்தேகம் வந்ததாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

என் மனைவி சிரிக்கவில்லை. “நடக்காததெல்லாம் எழுதியிருக்கார். நடந்ததை எழுதலையே” என்றாள். “வந்த முதல் மாசம் பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறினாரே, அது எந்த லெட்டர்ல இருக்கு?”

அவளுக்கு அது தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடந்தது இதுதான். வந்த புதிதில் காலை பதினொரு மணி ஆனால் எனக்கு என்ன செய்வதென்று தெரியாது. பாண்டி பஜார் இரைச்சலில் முப்பது வருடம் இருந்த காது, இங்கே கடிகாரத்தின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தது. சண்டை போட ஒரு ஆட்டோக்காரர் கிடையாது. ஒருநாள் அவள் பக்கத்து வீட்டு அம்மாவோடு சந்தைக்குப் போயிருந்தாள். நான் வீட்டைப் பூட்டி, இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஒரு வாரம் சென்னையில் இருந்துவிட்டு வரலாம், கீழே போய்ச் சேர்ந்து போன் செய்து சொல்லலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்திருப்பேனா என்று இப்போது கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“பஸ்ஸு காலியா இருந்திச்சா?” என்று கேட்டார் கண்டக்டர்.

காலியாகத்தான் இருந்தது, ஜன்னல் சீட்டே கிடைத்தது என்றேன்.

“அப்பறம் இன்னாத்துக்கு எறங்கினீங்க?”

“சாவி என் பாக்கெட்ல இருந்துச்சு” என்றேன்.

வீட்டுக்கு ஒரே சாவிதான். காய்கறிப் பையோடு அவள் வாசலில் நிற்பது கண்ணில் வந்ததும் வழியில் அரவேனு நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் பஸ் எதையும் காணோம். மேட்டில் நடக்க ஆரம்பித்தேன். மூச்சு வாங்கியது, வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது அவள் வாசல்படியில் அமர்ந்து பக்கத்து வீட்டு முறத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வாக்கிங் போயிருந்தேன் என்று சொன்னேன், கையில் துணிப்பையை வைத்துக்கொண்டு. அவள் நிமிர்ந்து பையைப் பார்த்தாள். அதை உள்ளே வைத்துவிட்டு வாருங்கள், உரிக்க இன்னும் நிறைய இருக்கிறது என்றாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். அன்றைக்கும் பிறகும் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இதையெல்லாம் அன்று வாசலில் எட்டுப் பேர் முன்னால் சொல்லவில்லை. சாவியோடு நிறுத்திக்கொண்டேன். வேன் கிளம்பும்போது தங்கை ஜன்னல் வழியே என் கையைப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல” என்றாள். பிறகு, “அத எழுதுண்ணா. எனக்காக எழுது” என்றாள்.

எருமைக் கடிதம் ஒன்றுக்கு ஒரு காலைப்பொழுது போதும். இதை எழுத ஒன்பது நாள் ஆனது. ஒரு தாளில் நான் நல்லவனாகிவிட்டேன், கிழித்தேன். இன்னொன்றில் குளிர்மேல் பழியைப் போட்டேன், அதையும் கிழித்தேன். கடைசியில் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று ஒரு வரி எழுதினேன். அதன் பிறகு மற்றதெல்லாம் தடையில்லாமல் வந்தது. தபாலில் சேர்க்குமுன் மனைவியிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். பட்டாணி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அது பீன்ஸ் என்றாள். பீன்ஸை உரிக்கவா செய்வார்கள் என்றேன். யோசித்துவிட்டுப் பட்டாணிதான் என்று ஒப்புக்கொண்டாள். பிறகு எழுந்து போய் எனக்கு இன்னொரு டம்ளர் காபி கொண்டுவந்தாள்.

அந்தக் கடிதத்தைத் தங்கை பூங்காவில் பாதி வரைக்கும்தான் வாசித்தாளாம். மீதியை வாங்கி வாசித்தவர் கண்டக்டர். முடித்ததும் எல்லோரும் இன்னும் ஒரு சுற்று நடந்துவிட்டு வீட்டுக்குப் போனார்களாம்.

இப்போது காலையில் பதினொரு மணி ஆகக் கூடாதே என்றிருக்கிறது. ஆறரைக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்காருகிறேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் அவருடைய மருமகளுக்கும் வேலித் தகராறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதை எழுதலாமா கூடாதா என்று மனைவியோடு தினமும் விவாதம். அடுத்த மாதம் மயிலாப்பூர் போகிறோம். கடிதத்தை இந்தத் தடவை நானே வாசிக்க வேண்டும் என்று பூங்காக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். நடந்துகொண்டே வாசிப்பதா, பெஞ்சில் உட்கார்ந்து வாசிப்பதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். தங்கையிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.